‘ரன்அவே’ யாருடைய சொல்? அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சொல் எந்தக் காகிதத்தில் வந்தது, அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று தெரிந்துவிட்டால் அது தானாகவே மனதில் நின்றுவிடும். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களைப் பற்றிய சொற்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அந்தச் சொற்களில் பாதி, தப்பி ஓடியவர்களின் வாயில் பிறந்தவை. மீதி, அவர்களைத் துரத்தியவர்களின் வாயில் பிறந்தவை. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதி எதிரே தமிழ்ப் பொருள் எழுதினால் முக்கியமான விஷயம் விட்டுப்போகும்.

சரி, ஒரு விளம்பரத்திலிருந்து தொடங்கலாம்.

1849 அக்டோபர் 3 என்று தேதியிட்ட விளம்பரம் அது. மேரிலாந்து மாநிலத்தில் பக்டவுன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வசித்த எலைசா ஆன் புரோடெஸ் என்ற பெண் கொடுத்தது. ‘முந்நூறு டாலர் சன்மானம்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே மூன்று பேரின் அடையாளங்கள். ஹாரி, வயது சுமார் 19, காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி உண்டு. பென், வயது சுமார் 25, ஆறடி உயரம், பேச்சுக் கொடுத்தால் சட்டென்று பதில் சொல்வான். மின்ட்டி, வயது சுமார் 27, ஐந்தடி உயரம், பார்க்க லட்சணமானவள். மாநிலத்துக்கு வெளியே பிடித்துக் கொடுத்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளேயே பிடித்தால் ஆளுக்கு 50 டாலர்.

அந்த மின்ட்டிதான், தான் தப்பியதோடு பலரையும் தப்ப வைத்துப் பிற்காலத்தில் உலகம் அறிந்த ஹாரியட் டப்மன். ஹாரியும் பென்னும் அவருடைய தம்பிகள்.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் ‘காணவில்லை’ விளம்பரம் பார்த்திருப்பீர்கள். வயது, நிறம், உயரம், கடைசியாக உடுத்தியிருந்த சட்டையின் நிறம், ‘தகவல் தருபவருக்குத் தக்க சன்மானம்’. பிள்ளையைத் தொலைத்த குடும்பத்தின் தவிப்பு அந்த வரிகளில் இருக்கும். இந்த விளம்பரமும் அதே அச்சில்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கொடுத்தவர் தேடியது மனிதர்களை அல்ல, தன் சொத்தை. இதை மனதில் வைத்துக்கொண்டு அதில் வரும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சொல் ‘ரன் அவே’. விளம்பரத்தின் முதல் வாக்கியமே ‘ரேன் அவே ஃப்ரம் த சப்ஸ்கிரைபர்’ என்றுதான் தொடங்குகிறது. ‘ரன்’ என்பதன் இறந்தகாலம் ‘ரேன்’. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் பெரும்பாலும் இதே சொற்களோடுதான் ஆரம்பிக்கும். வினைச்சொல்லாக வரும்போது ‘ரன் அவே’ என்று பிரித்து எழுதுவார்கள். பெயர்ச்சொல்லாகும்போது ‘ரன்அவே’ என்று ஒரே சொல்லாகச் சேர்ந்துவிடும். அப்போது பொருள் ‘ஓடிப்போன ஆள்’. தமிழில் இதற்கு நெருக்கமாக எதைச் சொல்லலாம் என்று யோசித்தால் ‘ஓடுகாலி’ என்ற சொல் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லில் எவ்வளவு ஏளனம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இருந்த இடத்தில் இருக்க வேண்டியவள், கடமையை விட்டு ஓடியவள் என்ற பழி அதற்குள்ளேயே இருக்கிறது. ‘ரன்அவே’ என்று ஓர் எஜமானி எழுதும்போதும் அதே பழிதான். ஓடியது தப்பு, வைத்திருந்தது சரி என்று அந்தச் சொல்லே தீர்ப்பு சொல்லிவிடுகிறது.

அடுத்தது ‘சப்ஸ்கிரைபர்’. இன்றைக்கு யூடியூப் சேனல் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் 1849 விளம்பரத்தில் அது சந்தாதாரர் அல்ல. லத்தீனில் ‘சப்’ என்றால் கீழே, ‘ஸ்கிரிபெரே’ என்றால் எழுதுவது. ஆக, கீழே பெயர் எழுதியிருப்பவர், நம் அலுவலகக் கடிதங்களில் வரும் ‘கீழே கையொப்பமிட்டவர்’. சந்தா கட்டுபவரும் அந்தக் காலத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தார். இன்றைய பொருள் அப்படி வந்தது. ‘கையொப்பமிட்டவரிடமிருந்து ஓடிப்போனவர்கள்’ என்று அந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். ஓடிய மின்ட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம்தான் பத்திரிகை இருந்தது.

இன்னொரு சொல் என்னை எப்போதும் நிறுத்திவிடும். பிடிபட்டவர்களைப் பால்டிமோர், ஈஸ்டன், கேம்பிரிட்ஜ் ஆகிய ஊர்களில் ஒன்றின் சிறையில் ‘லாட்ஜ்’ செய்ய வேண்டும் என்கிறது விளம்பரம். நமக்கு லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாடகைக்கு அறை தரும் இடம். அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் ‘தங்க வைப்பது’, ‘ஒரு இடத்தில் வைத்துவிடுவது’. புகார் கொடுப்பதையும் ஆங்கிலத்தில் இதே வினையால் சொல்வார்கள், அதாவது புகாரை ஓர் அலுவலகத்தில் வைத்துவிடுகிறோம். மனிதர்களைச் சிறையில் அடைக்கச் சொல்லும் இடத்தில், சாமானைக் கிடங்கில் இறக்கி வைக்கச் சொல்வதுபோல எவ்வளவு அமைதியான சொல்!

சன்மானத்துக்கு அந்த விளம்பரம் பயன்படுத்துவது ‘ரிவார்டு’. இதே பொருளில் ‘பவுண்டி’ என்ற சொல்லும் உண்டு. அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலப்பொருள் நற்குணம், தாராளம். ஆள் பிடித்துக் கொடுத்ததற்குத் தரும் காசுக்கு நற்குணத்தின் பெயர் எப்படி வந்து ஒட்டியது என்று யோசித்தால் மனம் கசந்துபோகிறது. தப்பியவர்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாகச் செய்தவர்களுக்கு ‘ஸ்லேவ் கேச்சர்’ என்று பெயர்.

இனி ‘ஃப்யூஜிட்டிவ்’. ‘ரன்அவே’ வீட்டு எஜமானின் சொல் என்றால் இது அரசாங்கத்தின் சொல், சட்டப் புத்தகத்தின் சொல். லத்தீனில் ‘ஃபுகெரே’ என்றால் ஓடுவது. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் ‘ரெஃப்யூஜ்’, புகலிடம். அதிலிருந்து ‘ரெஃப்யூஜி’, அகதி. மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எங்கிருந்தோ ஓடிவருகிறார் ஒருவர். சட்டம் அவரைத் துரத்தினால் ஃப்யூஜிட்டிவ், ஓர் இடம் அவருக்குக் கதவு திறந்தால் ரெஃப்யூஜி. டெட்ராய்ட் ஆற்றின் அமெரிக்கக் கரையில் ஃப்யூஜிட்டிவாக இருந்தவர், படகில் மறுகரைக்குப் போய்க் கனடா மண்ணில் கால் வைத்ததும் சுதந்திர மனிதர். கனடா உட்பட பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரே ஆள்தான், ஆற்றைக் கடந்ததும் அவரைக் குறிக்கும் சொல் மாறிவிட்டது.

அமெரிக்காவில் தப்பியோடிய அடிமைகள் பற்றி 1793இல் ஒரு சட்டம் வந்தது, 1850இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று. இரண்டின் பெயரிலும் ‘ஃப்யூஜிட்டிவ்’ உண்டு. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் மற்றொரு சொல் ‘கிளெய்மன்ட்’. இன்சூரன்ஸ் ‘க்ளெய்ம்’ நமக்குத் தெரியும் இல்லையா, அதேதான். உரிமை கோருபவர். இன்னொரு மனிதரைக் காட்டி ‘இவர் என்னுடையவர்’ என்று கோருகிறவருக்கு அந்தப் பெயர். இந்த வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியான கமிஷனர் முன்னால் அவர் வந்து சொல்வார். பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சியமாகச் சொல்ல முடியாது, ஜூரியும் கிடையாது. அவரைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டால் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். காகித வேலை அதிகம் என்று இதற்குக் காரணம் சொன்னார்கள். தப்பியவருக்குச் சோறும் இடமும் கொடுத்து உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

அமெரிக்க அரசியலமைப்பில் 1865 வரைக்கும் ‘ஸ்லேவ்’ என்ற சொல்லே இல்லை. தப்பியவர்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவில்கூட ‘வேலை செய்யக் கடமைப்பட்ட நபர்’ என்ற பொருளில் சுற்றி வளைத்துத்தான் எழுதியிருந்தார்கள். இப்படி மென்மையாக்கிச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘யூஃபமிசம்’ என்பார்கள், நம் இலக்கணத்தில் இடக்கரடக்கல், மங்கலம் என்றெல்லாம் சொல்கிறோமே அந்த வகை. தென் மாநிலத்தவர்கள் அடிமை முறையை ‘பிக்யூலியர் இன்ஸ்டிட்யூஷன்’ என்றார்கள். இங்கே ‘பிக்யூலியர்’ என்பதை ‘விசித்திரமான’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. ‘எங்களுக்கே உரிய’ என்பதுதான் அங்கே பொருள். அடிமை முறை அரசியலமைப்பில் பெயரோடு வந்தது 1865இல், அதை ஒழித்த 13ஆவது திருத்தத்தில்தான்.

இதுவரை பார்த்தவை துரத்தியவர்களின் சொற்கள். இனி மறுபக்கத்துக்கு வருவோம்.

என்னிடம் படித்த ஒரு மாணவி ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்பதை ‘தரைக்கு அடியில் ஓடும் ரயில்’ என்று எழுதியிருந்தாள். சென்னை மெட்ரோவில் போய்வந்த பிள்ளை. வேறு எப்படி எழுதுவாள்? சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அங்கே சுரங்கமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ‘அவன் அண்டர்கிரவுண்ட் போய்விட்டான்’ என்று நாமே சொல்வதில்லையா? தலைமறைவு என்ற பொருளில்தான் இங்கே அந்தச் சொல். தப்பி வருபவர்களை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, பெரும்பாலும் இரவில், ரகசியமாகக் கடத்திவிட்ட மனிதர்களின் சங்கிலி அது. அதற்குத் தலைமை அலுவலகம் இல்லை. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்கள், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், சில பாதிரியார்கள், தோணிக்காரர்கள் என்று பலர் அதில் இருந்தார்கள். தனக்கு முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் தவிர வேறு யாரையும் தெரியாதவர்களும் உண்டு.

ரயில் அந்தக் காலத்தில் புதிது. 1830களில்தான் அமெரிக்காவில் இருப்புப்பாதைகள் பரவத் தொடங்கின. அந்தப் புதுமையான விஷயத்தின் சொற்களையே இவர்கள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒளிய இடம் கொடுத்த வீடு ‘ஸ்டேஷன்’. அந்த வீட்டுக்காரர் ‘ஸ்டேஷன் மாஸ்டர்’. தப்பி வருபவர் ‘பாசெஞ்சர்’, சில சமயம் வெறும் சரக்கு என்ற பொருளில் ‘ஃப்ரெய்ட்’. பண உதவி செய்தவர்கள் ‘ஸ்டாக்ஹோல்டர்’, பங்குதாரர்கள். கூடவே நடந்து வழிகாட்டியவர் ‘கண்டக்டர்’.

கண்டக்டர் என்றதும் நமக்குத் தோளில் தோல் பையும் விரலிடுக்கில் டிக்கெட்டுமாக ஒருவர் நினைவுக்கு வருவார். ‘கண்டக்ட்’ என்பதன் மூலப்பொருள் கூட்டிச் செல்வது. இசைக்குழுவை நடத்துபவரும் கண்டக்டர், மின்சாரத்தைக் கடத்தும் கம்பியும் கண்டக்டர். எல்லாவற்றிலும் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இருக்கிறது. ஹாரியட் டப்மன் அப்படிப்பட்ட கண்டக்டர். அந்த விளம்பரம் வெளிவந்த 1849 இலையுதிர் காலத்தில், தம்பிகள் பயந்து திரும்பிவிட, அவரும் அவர்களோடு திரும்பினார். பிறகு தனியாகவே மறுபடியும் கிளம்பி, அடிமை முறை இல்லாத வடக்கு மாநிலமான பென்சில்வேனியாவை அடைந்தார். தான் தப்பியதோடு நிற்கவில்லை. மேரிலாந்துக்கு ஏறக்குறைய 13 முறை திரும்பிப் போய்ச் சுமார் 70 பேரைக் கூட்டி வந்தார். பழைய நூல்களில் 300 பேர் என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பது இந்த 70ஐத்தான். அது குறைந்த எண் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் தலைக்குச் சன்மானம் அறிவிக்கப்பட்ட ஊருக்கே ஒருவர் 13 முறை போயிருக்கிறார். முதுமையில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, தன் ரயில் ஒருபோதும் தடம் புரண்டதில்லை, ஒரு பயணியைக்கூடத் தான் இழந்ததில்லை என்று சொன்னார். படிக்காத ஒரு பெண் அந்த ரயில் உவமையை எவ்வளவு உரிமையோடு எடுத்துப் பேசியிருக்கிறார் பாருங்கள்.

இந்தப் பெயரை ஊரறியப் பேசுவதை விரும்பாத ஒருவரும் இருந்தார். ஃப்ரெடரிக் டக்ளஸ், தானே தப்பி வந்தவர். 1845இல் வெளியான தன் வரலாற்றில், சிலர் இந்த ரகசியத்தை வெளிப்படையாகப் பேசிப் பேசி அதை ‘அப்பர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ ஆக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதினார். அதாவது தலைமறைவு போய்த் தலைவெளிச்சம் ஆகிவிட்டது. வெளியே பேசுவது எஜமானர்களை எச்சரிக்கும், பின்னால் வருபவர்களின் வழியை அடைக்கும் என்பது அவர் கவலை. தான் தப்பிய விதத்தையும் அப்போது அவர் சொல்லவில்லை. அடிமை முறை ஒழிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் சொன்னார்.

அவர் தப்பியது உண்மையான ரயிலில், உண்மையான கண்டக்டர் இருந்த ரயிலில். 1838 செப்டம்பர் 3, பால்டிமோர். மாலுமியைப்போல உடை. ரயில் கிளம்பும் நேரத்தில் ஓடிப்போய் ஏறிக்கொண்டார், டிக்கெட் கவுண்டரில் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக. சுதந்திரமான கறுப்பினத்தவர்கள் அங்கே தாங்கள் அடிமை இல்லை என்று காட்டும் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ‘ஃப்ரீ பேப்பர்ஸ்’ என்று பெயர். டக்ளஸிடம் அது இல்லை. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய மாலுமிச் சான்று மட்டும் இருந்தது. அதன் தலையில் பெரிய அமெரிக்கக் கழுகு. அதில் எழுதியிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவே இல்லை. கண்டக்டர் கழுகைப் பார்த்தார், கீழே படிக்காமல் காசை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஒரு நாளுக்குள் டக்ளஸ் நியூயார்க்கில் இருந்தார்.

இதோடு சேர்த்துக் கற்க வேண்டிய சொல் ‘பாஸ்’. பள்ளிப் பிள்ளைகளின் பஸ் பாஸ் போன்ற அதே சொல்தான். அடிமையாக வைக்கப்பட்டவர் பண்ணையை விட்டு வெளியே போக வேண்டுமானால் எஜமான் கைப்பட எழுதிய சீட்டு வேண்டும். சாலையில் அதைச் சோதித்தவர்கள் ‘பேட்ரோல்’, ரோந்துக்காரர்கள். எழுதத் தெரிந்தவர் ஒரு பாஸைத் தானே எழுதிக்கொள்ளலாம், அதனால்தான் அவர்களுக்கு எழுத்தறிவைத் தடுக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டமே இருந்தது. பண்ணைக்கு ‘ப்ளான்டேஷன்’. அங்கே வேலை வாங்கியவர் ‘ஓவர்சீயர்’. நமக்குப் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயர் உண்டு, அவர் சாலை வேலையை மேற்பார்க்கிறவர். அங்கே அவர் கையில் சாட்டை இருந்தது. சொல் அமைப்பைப் பார்த்தால் ‘மேலிருந்து பார்ப்பவர்’. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் கண்காணிப்பவர்தானே.

அப்புறம் ‘எஸ்கேப்’. தமிழில் இது விளையாட்டுச் சொல்லாகிவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாதவன் டீச்சர் வராததால் எஸ்கேப். ஆங்கிலத்தில் அது கனமான சொல்லும்கூட. இதன் பிறப்பு அழகானது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘காப்பா’ என்றால் மேலங்கி. துரத்திப் பிடித்தவர் கையில் மேலங்கியை மட்டும் விட்டுவிட்டு ஆள் நழுவிப் போவது. ‘ஃப்ளீ’ என்பதும் ஓடுவதுதான், அதன் இறந்தகாலம் ‘ஃப்ளெட்’. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஆபத்தைக் கண்டு ஓடத் தொடங்கினாலே ‘ஃப்ளீ’, ஓடியவர் பிடிபடவும் கூடும். ‘எஸ்கேப்’ என்றால் கையை விட்டு நழுவிவிட்டார் என்று பொருள். ஆனால் நழுவியவரும் மறுபடி பிடிபடலாம், அதற்கு ‘ரீகேப்சர்’ என்ற சொல் இருக்கிறது. ஆன்டனி பர்ன்ஸ் வர்ஜீனியாவிலிருந்து தப்பிப் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். 1854 மே மாதம் அங்கே அவரைப் பிடித்தார்கள். ஊரே திரண்டு எதிர்த்தும், படைக் காவலோடு கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

எஸ்கேப் என்ற சொல்லை என் மாணவர்களுக்குச் சொல்லும்போது இரண்டு பேரின் கதையைச் சொல்வேன். எலன் கிராஃப்ட் வெளிர் நிறம் கொண்டவர். 1848 டிசம்பரில் ஜார்ஜியாவின் மேக்கன் நகரிலிருந்து அவரும் கணவர் வில்லியமும் கிளம்பினார்கள். எலன் நோயுற்ற வெள்ளைக்காரப் பண்ணை முதலாளியைப்போல ஆண் உடை போட்டுக்கொண்டார், கணவர் அவருடைய அடிமையாக நடித்தார். மாறுவேடத்துக்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்கைஸ்’. மீசை தாடி இல்லாததை மறைக்க முகத்தைச் சுற்றிக் கட்டு. விடுதியில் கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வது? அவருக்கு எழுதத் தெரியாதே. அதனால் வலது கையையும் தொட்டில் கட்டிக்கொண்டார். ரயிலிலும் நீராவிக் கப்பலிலுமாகப் பயணம் செய்து கிறிஸ்துமஸ் அன்று பிலடெல்பியாவில் இறங்கினார்கள்.

இன்னொருவர் ஹென்றி பிரவுன். அவருடைய கர்ப்பிணி மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்து வேறு மாநிலத்துக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1849 மார்ச்சில், அவர் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து தன்னையே பார்சலாக ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்கு அனுப்பிக்கொண்டார். பெட்டியின் நீளம் மூன்றடி, அகலம் இரண்டடி. கொஞ்சம் தண்ணீரும் பிஸ்கட்டும். பயணம் சுமார் 27 மணி நேரம். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று பெட்டியில் எழுதியிருந்தது. புது ஃப்ரிட்ஜ் வரும் அட்டைப்பெட்டியில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்குமே, அதேதான். அதை மதிக்காமல் தலைகீழாக வைத்துவிட்டார்கள். ரத்தம் தலைக்கு ஏறி, கண் பிதுங்குவதுபோல இருந்தும் அவர் சத்தம் போடவில்லை. இரண்டு பேர் உட்கார இடம் தேடிப் பெட்டியைப் புரட்டியதால் பிழைத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் ஹென்றி பாக்ஸ் பிரவுன்.

தப்பியவர் எல்லோரும் வடக்கே போகவில்லை. காட்டிலும் சதுப்பிலும் ஒளிந்து அங்கேயே குடியிருப்புகள் அமைத்தவர்களுக்கு ‘மரூன்’ என்று பெயர். வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் இடையில் உள்ள கிரேட் டிஸ்மல் சதுப்பில் அப்படி வாழ்ந்தவர்கள் உண்டு.

இப்போது அடிப்படையான சொல்லுக்கே வருகிறேன். ‘ஸ்லேவ்’ என்று எழுதுவதைவிட ‘என்ஸ்லேவ்டு பெர்சன்’ என்று எழுதுவதை இன்று பல வரலாற்றாசிரியர்களும் அருங்காட்சியகங்களும் விரும்புகிறார்கள். முன்னால் உள்ள ‘என்’ என்ற ஒட்டு ‘ஆக்கு’ என்ற பொருள் தருவது. ‘ரிச்’ என்றால் வளமான, ‘என்ரிச்’ என்றால் வளமாக்கு. தமிழில் ‘அடிமை’ என்பதற்கும் ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் அது. ‘அடிமை’ என்றால் அவர் பிறவியிலேயே அப்படி என்பதுபோல் ஒலிக்கிறது. ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்றதும் ‘யாரால்?’ என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக ‘மாஸ்டர்’, ‘ஓனர்’ என்ற சொற்களை விட்டுவிட்டு ‘என்ஸ்லேவர்’ என்று எழுதுகிறார்கள். ‘ரன்அவே’, ‘ஃப்யூஜிட்டிவ்’ இரண்டுக்கும் பதிலாக ‘ஃப்ரீடம் சீக்கர்’, விடுதலையை நாடியவர். பழைய சொற்களைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஆவணம் எதுவும் புரியாது. சொந்தமாக எழுதும்போது நான் புதிய சொற்களின் பக்கம்தான்.

விடுதலைக்கு மூன்று சொற்கள் இருக்கின்றன, தேர்வில் குழப்புபவை. ஓர் எஜமான் ஒருவரைத் தனியாக விடுவிப்பது ‘மேன்யுமிஷன்’. லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை, கையிலிருந்து அனுப்பிவிடுவது. தப்பி வந்த டக்ளஸ் எட்டு ஆண்டுகள் கழித்தும் சட்டப்படி இன்னொருவரின் சொத்துதான். 1846இல் இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுண்டு திரட்டிக் கொடுத்த பிறகே அவருக்கு மேன்யுமிஷன் பத்திரம் கிடைத்தது. ‘இமான்சிபேஷன்’ என்பதிலும் அதே ‘மானுஸ்’ ஒளிந்திருக்கிறது. பெருந்திரளான மக்களை அரசு விடுவிப்பதற்கு இது வழங்குகிறது. லிங்கனின் 1863 ஜனவரி 1 பிரகடனம் இந்தப் பெயரில்தான் வந்தது. அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களில் இருந்தவர்களை அது விடுவித்தது, முறையை நாடு முழுக்க ஒழிக்கவில்லை. முறையையே ஒழிப்பது ‘அபாலிஷன்’. அதற்காகப் போராடியவர் ‘அபாலிஷனிஸ்ட்’. நம் நாட்டில் 1976இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே ‘அபாலிஷன்’ இருப்பதைக் கவனியுங்கள்.

வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் ஒரு விநோதமான சொல் நுழைந்தது. மே மாதம் மூன்று பேர் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். எஜமானின் ஆள் வந்து திருப்பிக் கேட்டான். வடக்குப் படையைச் சேர்ந்த கோட்டைத் தளபதி பட்லர் வழக்கறிஞராகவும் இருந்தவர். அவர்கள் உங்கள் சொத்து என்றால், எதிரியின் போர்ச் சொத்தை நான் பறிமுதல் செய்கிறேன் என்றார். அதற்கு ‘கான்ட்ராபேண்ட்’ என்று பெயர், விமான நிலையத்தில் பிடிபடும் தடைசெய்யப்பட்ட பொருளுக்கு வழங்கும் அதே சொல். சீக்கிரமே ஆயிரக்கணக்கானவர்கள் ‘கான்ட்ராபேண்ட்’ ஆனார்கள். எஜமானனின் தர்க்கத்தை வைத்தே எஜமானனை மடக்கியது சாமர்த்தியம்தான். ஆனாலும் அந்தச் சொல்லில்கூட அவர்கள் பொருள்தான், மனிதர் ஆகவில்லை.

கடைசியாக ‘ஏலியஸ்’. நம் காவல்துறை ‘என்கிற’ என்று எழுதுமே, அது. தப்பியவர்கள் பலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பிடிபடாமல் இருக்க என்பது ஒரு காரணம். எஜமான் வைத்த பெயர் வேண்டாம் என்பது இன்னொன்று. டக்ளஸ் பிறக்கும்போது பெய்லி. பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் என்பவர் தன்னிடம் வந்து சேர்ந்தவர்களின் பழைய பெயர், புதிய பெயர், விட்டுவந்த உறவினர் என எல்லாவற்றையும் எழுதி ஒளித்துவைத்தார். பிற்காலத்தில் பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க அது உதவ வேண்டும் என்று நினைத்தார். 1872இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் டப்மன் தன் தம்பிகளைக் கூட்டிவர மறுபடி மேரிலாந்துக்குப் போனார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பயந்து திரும்பிய ஹாரியும் பென்னும் இந்த முறை வந்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் அவர்கள் ஸ்டில்லின் அலுவலகத்தில் இருந்தார்கள், அவர் அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டார். பேச்சுக் கொடுத்தால் சட்டென்று பதில் சொல்வான் என்று விளம்பரம் அடையாளம் சொன்ன அந்த பென், அதன் பிறகு தன் பெயரை ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்று வைத்துக்கொண்டார்.